தொண்ணூற்றேழுக்கு மேல் ஏறாத வண்டி

ஐந்தாவது சனிக்கிழமையாகக் கார்லா அந்தக் கிளட்சைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில் குளிர்காலம் முழுக்க, வெளிச்சம் வருவதற்குள் பதினாறு பேருந்துகளும் உறுமிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று கிளம்பாவிட்டாலும் எட்டு மணிக்குள் ஊரில் பாதிப் பேர் அவளைத் தொலைபேசியில் பிடித்துவிடுவார்கள். ஐம்பத்து நாலு வயதாகிறது. வலது தோள் இலையுதிர் காலத்திலிருந்தே தகராறு செய்துகொண்டிருந்தது. சனி ஞாயிறாவது கம்பளிக்குள் சுருண்டு கிடக்கலாம் என்று பார்த்தால், தம்பி டெரில், பனிமேல் எஞ்சினில் ஓடும் தன் பனிவண்டியை இழுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்பான்.

"அக்கா, இந்த வாரம் எப்படியும் புடிச்சிரலாம்க்கா."

"போன வாரமும் இதத்தான்டா சொன்ன."

"போன வாரம் எனக்கே நம்பிக்கை இல்ல. இந்த வாரம் இருக்கு."

பிப்ரவரிக் கடைசி ஞாயிறு அன்று ஹால்வர்சன் ஏரியின் உறைந்த பரப்பில் வேக ஓட்டம் நடக்கும். அரை மைல் தூரம். கடைசியில் ரேடார் வைத்து, யார் வண்டி எத்தனை மைல் வேகத்தில் போனது என்று ஒரு பலகையில் எழுதுவார்கள். பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எழுதிய எண்ணைப் பற்றி அடுத்த குளிர்காலம் வரை பேசலாம், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன் டெரிலின் எண் நூற்றெட்டு.

போன வருஷம், ஓட்டத்துக்கு முந்தின வாரம், ஒத்திகை பார்க்கும்போது பனிக்கட்டி விரிசல் விட்டு மேடு தட்டியிருந்த ஓர் இடத்தில் வண்டி ஏறித் துள்ளிவிட்டது. டெரில் தனியாகப் பறந்தான், வண்டி தனியாகப் பறந்தது. வண்டி ஏழு குட்டிக்கரணம் போட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். டெரிலுக்குக் காறை எலும்பும் நான்கு விலா எலும்புகளும் உடைந்தன. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு?" ஊரில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதிகம் சொல்லிச் சிரிப்பவன் டெரில்தான்.

கோடையில் கார்லா வண்டியை மீட்டுக் கட்டினாள். முன்மூடி, சறுக்குக் கட்டைகள், கைப்பிடி எல்லாம் புதிது. எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஒரு கீறல் இல்லை. அப்படியிருந்தும் ஜனவரியில் பனியில் இறக்கியபோது வண்டி தொண்ணூற்றேழைத் தொட்டது. அதற்குமேல் ஏற மறுத்தது.

"மேல போகப்போக எஞ்சின் சுத்து விழுதுக்கா. எட்டாயிரத்து இருநூறுல நிக்கணும்ல? ஏழாயிரத்து அறுநூறுக்கு வந்துருது. மூச்சு வாங்குற மாதிரி இருக்கு" என்றான் டெரில்.

அப்படி என்றால் கிளட்ச்தான் என்று கார்லாவும் நினைத்தாள். பனிவண்டியில் முன்னால் ஒரு கிளட்ச், பின்னால் ஒரு கிளட்ச், நடுவில் ஒரு பெல்ட். எஞ்சின் சுற்றச் சுற்ற முன் கிளட்சுக்குள் இருக்கும் சின்ன எடைகள் வெளியே விரிந்து இரண்டு தட்டுகளையும் நெருக்கும். நெருக்க நெருக்க பெல்ட் தட்டின் விளிம்பை நோக்கி ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வேகம். எடை அதிகமாக இருந்தால் எஞ்சினால் சுமக்க முடியாமல் சுற்று விழும்.

ஆகவே முதல் வாரம் எடையைக் குறைத்தாள். வண்டி கிளம்பும்போது முன்னைவிடத் துள்ளியது; முடிவில் தொண்ணூற்றேழு. இரண்டாம் வாரம் பின் கிளட்சின் ஸ்பிரிங்கை மாற்றினாள். தொண்ணூற்றாறு. மூன்றாம் வாரம் அதற்குள் இருக்கும் சரிவுத் துண்டை எடுத்துவிட்டுச் சரிவு குறைந்த ஒன்றைப் போட்டாள். மறுபடியும் தொண்ணூற்றேழு. நான்காம் வாரம் புது பெல்ட் போட்டு, இரண்டு கிளட்சும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று இரும்புச் சட்டம் வைத்துப் பார்த்து, அடிப்பட்டையின் இறுக்கம், தாங்கிகள், எஞ்சினின் அழுத்தம் வரை ஒன்று விடாமல் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. எண் மட்டும் மாறவில்லை.

இதுதான் அவளைப் படுத்தி எடுத்தது. எதையாவது மாற்றினால் ஏதாவது மாற வேண்டும். கூடவில்லையா, கெட்டாவது போக வேண்டும். முப்பது வருஷத்தில் எந்த எஞ்சினும் அவளிடம் இப்படி நடந்துகொண்டதில்லை. வேலை நாட்களிலும் பேருந்துக்கு அடியில் படுத்தபடி அந்தக் கிளட்சையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஐந்தாம் சனிக்கிழமை அவளுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. வண்டி நூற்றெட்டு ஓடிய அன்று என்னென்ன இருந்தனவோ, அதே எடைகள், அதே ஸ்பிரிங், அதே சரிவுத் துண்டு, எல்லாவற்றையும் பழையபடி போட்டு மூடினாள். மூடுமுன் முன் கிளட்சின் தட்டில், மையத்திலிருந்து விளிம்பு வரை, கறுப்பு மையால் நாலு கோடு போட்டாள். பெல்ட் எதுவரை ஏறுகிறதோ அதுவரை மை அழிந்துவிடும்.

ஏரியில் வெயில் இருந்தது, சூடு இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபது. வென்டல், பனிக்கட்டி மேல் போட்டிருந்த தன் மீன்பிடிக் குடிசைக்கு வெளியே ரேடாரோடு உட்கார்ந்திருந்தார். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ரேடார் அவர் பொறுப்பு.

டெரில் போய்த் திரும்பினான். வென்டல் கையை விரித்தார். "தொண்ணூத்தேழு. பேசாம அந்த நம்பரையே உனக்குப் பேரா வச்சிரலாம்டா."

கார்லா முன்மூடியைத் திறந்தாள். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மை அப்படியே இருந்தது. பெல்ட் அங்கே ஏறவே இல்லை.

டெரில் எட்டிப் பார்த்தான். "பாத்தியாக்கா? கிளட்சேதான். புதுசா ஒண்ணு வரவழைச்சிரலாம். மாட்டி, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்போம்." சொல்லிவிட்டு, கரையில் இருந்த தூண்டில் கடைக்குக் காபி வாங்கப் போனான். நடையில் ஒரு கவலையும் இல்லை.

மறுபடி முதலிலிருந்து. கார்லா திறந்த கிளட்சைப் பார்த்தாள், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். தோள் மேலே எழவில்லை. இன்னொரு முறை கழற்ற அவளால் ஆகாது. அழிந்த இடத்தில் மையால் கோடுகளை நிரப்பினாள், மூடினாள், டெரில் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"என்ன பண்ற?" என்றார் வென்டல்.

"ஒரு தடவை நானே ஓட்டிப் பாத்திட்டு வந்து அழறேன்."

பத்து வருஷமாக அவள் இந்த வேகத்துக்குப் போனதில்லை. புறப்படும் கோட்டுக்குப் போய்த் திருப்பி நிறுத்தி, வலது கட்டைவிரலால் வேக விசையை முழுக்க அழுத்தினாள். ஐம்பதில் காற்று கழுத்துக்குள் நுழைந்தது. எழுபதில் கண்ணில் நீர் முட்டியது. தொண்ணூறில் பனிக்கட்டியின் ஒவ்வொரு வரியும் முதுகெலும்பில் தெரிந்தது. வண்டி மெதுவாக இடமும் வலமும் அலைந்தது. விரலை எடு என்று உடம்பு முழுவதும் கத்தியது. அவள் எடுக்கவில்லை. சுற்று காட்டும் முள் எட்டாயிரத்து இருநூறில் ஆணியடித்தது போல நின்றது.

திரும்பி வந்தபோது வென்டல் எழுந்து நின்றிருந்தார்.

"நூத்தியாறு" என்றார். "அதுவும் நீ உன் தம்பியவிட முப்பது பவுண்டு கூட."

"எடையப் பத்திப் பேசினா அந்த ரேடாரை வாயில செருகிருவேன்."

முன்மூடியைத் திறந்தாள். மை விளிம்பு வரை வழித்தெடுத்தாற்போல் அழிந்திருந்தது. வென்டல் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றாள் கார்லா.

வென்டல் தொண்டையைச் செருமினார். "சத்தத்துல தெரியும். தொண்ணூறு தாண்டினதும் எஞ்சின் இறங்குது. வண்டி தானா இறங்குனா வேற மாதிரி கேக்கும். இது விசைய விட்டா கேக்கற சத்தம்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே!"

"எப்படிம்மா சொல்லுவேன்? போன வருஷம் அவனைப் பனியிலேருந்து தூக்கினது நானு. அன்னிக்கு அவன் அழுத அழுகை எனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரி ஜோக்கெல்லாம் அப்புறம் வந்தது."

டெரில் இரண்டு காபியோடு வந்துகொண்டிருந்தான். கார்லா நினைத்தாள்: ஒன்றும் சொல்ல வேண்டாம். கோடுகளை மறுபடி வரைந்துவிட்டு, ஆமாம், கிளட்ச்தான் என்று சொன்னால் அவன் நிம்மதியாக இருப்பான். அப்புறம் புதுக் கிளட்ச் வரும். அதற்கும் எடை மாற்ற வேண்டும், ஸ்பிரிங் மாற்ற வேண்டும். இன்னும் எத்தனை சனிக்கிழமை! தைரியம் வந்ததால் அவள் உண்மையைச் சொன்னாள் என்றில்லை. பொய் சொல்லத் தெம்பில்லாமல்தான் சொன்னாள்.

"டெரில், இங்க வா. நான் ஓட்டிப் பாத்தேன். நூத்தியாறு. மையப் பாரு."

அவன் காபியைப் பனியில் வைத்துவிட்டுக் குனிந்தான். கையுறையைக் கழற்றித் தட்டின் விளிம்பை விரலால் தடவினான்.

"பின்காத்து அடிச்சிருக்கும்."

"காத்தே இல்லடா."

அவன் வென்டலைப் பார்த்தான். வென்டல் ரேடாரைத் துடைக்க ஆரம்பித்தார்.

டெரில் வண்டியை டிரக்கின் இழுவையில் ஏற்றினான். டிரக் கரையேறி, பைன் மரங்களுக்கு நடுவே பாதித் தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"தொண்ணூத்தஞ்சுல விரல் வந்துருதுக்கா. நான் எடுக்கல. புடின்னு சொல்றேன், அழுத்துன்னு சொல்றேன். அதுவா வந்துருது."

"முதல் வாரமே சொல்லிருக்கலாம்ல?"

"முதல் வாரம் எனக்கே தெரியாது. சத்தியமா வண்டின்னுதான் நெனச்சேன். மூணாவது வாரம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் கழட்ட விட்டியா? ரெண்டு வாரம்! ஒண்ணுமில்லாத கிளட்சை! இந்தக் கைய வச்சு என்னால சட்டை கூட மாட்ட முடியலடா!"

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாத. அடிச்சிருவேன்."

"நீ கழட்டிட்டு இருக்கற வரைக்கும் கோளாறு வண்டிலதான இருக்கு. நீ நல்லாருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட வந்துரும்." அவன் குரல் தளர்ந்தது. "வந்துருச்சு."

கார்லாவுக்கு இன்னும் திட்ட நிறைய இருந்தது. திட்டக்கூட அலுப்பாக இருந்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஓட்டத்தன்று அவள் ஏரிக்குப் போகவில்லை. தொலைபேசியை அணைத்துவிட்டு மதியம் ஒரு மணி வரை தூங்கினாள். மூன்று மணிக்கு டெரில் வந்தான். அவன் மனைவி ஷெரி கொடுத்தனுப்பிய, கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த பாத்திரத்தோடு நின்றான். மேலே போட்ட பாலாடைக்கட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"தொண்ணூத்தொண்ணு."

"குறைஞ்சிருச்சா?"

"குறைஞ்சிருச்சு." அவன் பூட்ஸோடு நாற்காலியில் சரிந்தான். "கிளட்ச் என்னாச்சுன்னு கேட்டாங்க. கிளட்ச் நல்லாருக்கு, எனக்குத்தான் பயம்னு சொன்னேன். கேலி பண்ணுவாங்கன்னு பாத்தா ஒருத்தனும் வாயத் தொறக்கல. அப்புறம் ஒருத்தர், கூரைலேருந்து விழுந்ததுக்கப்புறம் நான் ஏணியே தொடறதில்லன்னாரு. இன்னொருத்தர் அவர் கதைய ஆரம்பிச்சாரு. எல்லாரும் சொல்லி முடிக்கறதுக்குள்ள என் காலு மரத்துப்போச்சு."

கார்லா இரண்டு தட்டில் பரிமாறினாள்.

"வண்டிய வித்துறவாக்கா?"

"இன்னிக்கு எதையும் முடிவு பண்ணாத. சாப்பிடு."

அவன் நாலு வாய் சாப்பிட்டான். உப்பு எடுக்கத் திரும்பியவள் மறுபடி பார்த்தபோது, முள்கரண்டி கையில் இருக்க, உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

தொலைபேசியை உயிர்ப்பித்ததும் ஷெரி கூப்பிட்டாள்.

"அண்ணி, அவரு இன்னும் அங்கயா இருக்காரு?"

"இங்கதான். தூங்கறான்."

"தூங்கறாரா?" ஷெரி குரலைத் தாழ்த்தினாள். "எழுப்பாதீங்க அண்ணி. போன வருஷத்திலேருந்து அவரு சரியாவே தூங்கல."

கார்லா அவன் கையிலிருந்து முள்கரண்டியை மெதுவாக உருவித் தட்டில் வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.