அம்மாவின் குரங்குக் குல்லா

எங்கம்மா செத்தப்பகூட அழுகதான் வந்துச்சு. அவுங்க படத்தைப் பாத்தப்ப வந்துச்சு பாருங்க ஆத்திரம், அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு ஜென்மத்துல வந்ததில்ல.

அம்மா பேரு ஞானாம்பாள். கம்மாபுரத்துல டீச்சரா இருந்தாங்க. நான் பத்தாவது படிக்கும்போதே அப்பா போயிட்டாரு. என்னைக் கட்டிக்குடுத்த மறுமாசம் ஒரு தோள்பையை மாட்டிக்கிட்டு அம்மா காசிக்குக் கெளம்புனாங்க. "பாவம், புண்ணியம் தேடிப் போவுது"ன்னு ஊரே உச்சுக்கொட்டுச்சு. திரும்பி வந்து எழுதுன கட்டுரையில கோயிலப் பத்தி நாலே வரி. மிச்சமெல்லாம் படித்துறையில பட்டம் விடற பசங்களப் பத்தியும், மண் குவளையில குடிச்ச லஸ்ஸியப் பத்தியும்தான். ரெண்டாயிரத்து நாலுல ரிட்டையர் ஆனாங்க, அதுக்கப்புறம் கேக்கணுமா? நேபாளம், லடாக்கு, ரங்கூன்னு கெளம்பிக்கிட்டே இருந்தாங்க. புஸ்தகமும் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் போவட்டுமான்னு கேட்டதில்ல. போயிட்டு வரேன்னுதான் சொல்லுவாங்க.

தானே புயல் அடிச்ச மறுமாசம், சாஞ்சு கெடந்த முருங்கையை வெட்டிப் போட்டுட்டு வந்து நாற்காலில உக்காந்தாங்க. எழுந்திரிக்கல.

பதினாறாம் நாளு மஞ்சக்குப்பத்துல படத்திறப்பு. எங்க குடும்பத்துல பொம்பள செத்தா பொறந்த வீடுதான் படம் செஞ்சு கொண்டாரணும். அம்மாவுக்குப் பொறந்த வீடுன்னா உத்திராபதி மாமாதான், கூடப் பொறந்த தம்பி, சிதம்பரத்துல இருக்காரு. அவர் கையில நானே ஒரு போட்டோவக் குடுத்தேன். லடாக்குல எடுத்தது. பொடவ மேல ஸ்வெட்டர், கால்ல ஷூ, தோள்ல அந்தப் பை, தலையில அப்பாவோட குரங்குக் குல்லா. குல்லாவுக்குக் கீழ, நெத்தியில அகலமா ஒரு பொட்டு. கண்ணு ரெண்டும் சுருங்கிப் போவ, பல்லு அத்தனையும் தெரியச் சிரிக்கிறாங்க. என் அம்மான்னா அதான்.

மாமா போட்டோவத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஏம்மா ரேகா, குல்லா போட்ட படத்துக்கா மாலை போடுவாங்க? அதுவும் பொட்டோட? சபைக்கு நாலு பேரு வருவாங்கம்மா."

"வரட்டும் மாமா. அம்மா இப்படித்தான இருந்தாங்க?"

"எனக்கு அவ அக்கா. எப்படி இருந்தான்னு நீ எனக்குச் சொல்றியா?"

"இதையே போடுங்க. மாத்துனீங்கன்னா சபையிலயே கேப்பேன். அப்புறம் மானம் போச்சு, மரியாதை போச்சுன்னு சொல்லக்கூடாது."

சரி சரின்னு தலைய ஆட்டிட்டுப் போனாரு.

அன்னைக்கு நல்ல கூட்டம். அம்மாவப் படிச்சவங்க காடாம்புலியூர்லேருந்துகூட வந்திருந்தாங்க. வாசல்ல மேசை போட்டு அவுங்க புஸ்தகங்களையும் போட்டோ ஆல்பங்களையும் பரப்பி வச்சிருந்தேன். மேடையில துணி மூடி படம் இருந்துச்சு. மாமா போயி துணிய இழுத்தாரு.

அம்மா முகம் இருந்துச்சு. எப்பவோ பஸ் பாசுக்கு எடுத்த முறைச்ச முகம். பொட்ட அழிச்சிட்டு விபூதி. கழுத்துக்குக் கீழ பச்சப் பட்டுப்பொடவ, காசுமாலை, மடியில கோத்து வச்ச கொழுகொழு கை, விரல்ல நீலக்கல் மோதிரம். முப்பது வருஷமா எங்கம்மா கையில ஒரு வளையல் கெடையாது!

நான் விறுவிறுன்னு போயி மைக்கப் புடுங்கிட்டேன். "தலை எங்கம்மாவுது. ஒடம்பு யாருது?"

முன் வரிசையில இருந்து ஒருத்தர் எழுந்தாரு. படம் செஞ்ச சிதம்பரம் ஸ்டுடியோக்காரரு, கொளஞ்சியப்பன். "ஸ்டாண்டர்டு பாடிம்மா. எல்லாருக்கும் அதான் போடறது. லேடீசுக்குப் பச்சப் பட்டு, ஜென்ட்சுக்குக் கோட்டு. லட்சணமா இருக்கும்."

"அட ஆமா, எங்க மாமியாருக்கும் இதே பொடவதான்!"னு பின்னாலேருந்து ஒரு பொம்பள குரல் குடுத்துச்சு. கூட்டம் சிரிச்சிடுச்சு.

இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறதுன்னு மாமா பக்கம் திரும்புனேன். அவரு என்னைப் பாக்கல. படத்துல இருந்த அந்தக் கையவே பாத்துக்கிட்டிருந்தாரு.

"கொளஞ்சி," மெதுவாக் கேட்டாரு, "எம் பட்டம்மாளுக்கும் இதத்தான் போட்டியா?"

பட்டம்மாள் என் அத்தை, மாமா பொண்டாட்டி. செத்து ஆறு வருஷம் ஆவுது.

கொளஞ்சியப்பன் தலையச் சொறிஞ்சாரு. "ஆமாண்ணே."

"தெனம் காலையில அந்தக் கையத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான்டா காப்பி குடிக்கிறேன்."

அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. நானும் மைக்கக் கீழ வச்சிட்டேன். ஆனா வந்த வேலைய விட முடியுமா? மாமாவப் பத்தி எனக்குத் தெரியாதா என்ன! லடாக் போட்டோவ நானும் கடலூர்ல பெருசு பண்ணிக் கையோட கொண்டாந்திருந்தேன். பச்சப் பட்ட எறக்கிட்டுக் குரங்குக் குல்லாவ ஏத்துனேன். மாமா தடுக்கல. அவரு கையாலயே மாலை போட்டாரு. கைதட்டுன கூட்டத்துல பாதி பேரு கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. நானுந்தான்.

எல்லாரும் சாப்பிடப் போனப்ப மாமா ஆல்பம் இருந்த மேசைகிட்ட வந்து நின்னாரு.

"உங்கம்மா ஒரு தடவ பட்டம்மாளத் தனுஷ்கோடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாளே. ரெண்டு பொம்பளைங்க தனியாவான்னு நான்கூட சண்ட போட்டேன். போட்டோ ஏதாச்சும்..."

நான் ஆல்பத்தப் பொரட்டி எடுத்துக் குடுத்தேன். அத்தை அலைக்குள்ள நிக்கிறாங்க. பொடவைய முட்டி வரைக்கும் தூக்கிச் சொருவிக்கிட்டு, ஒரு கையில செருப்பு. இன்னொரு கைய மேல தூக்கி, முடியெல்லாம் பறக்க, வாயத் தொறந்து கத்துறாங்க. தூக்குன கையில, கஞ்சி கொட்டி வெந்த தழும்பு பளிச்சுன்னு தெரியுது.

மாமா அந்தத் தழும்ப விரலால தடவிக்கிட்டே இருந்தாரு. "இதான் அவ கை," ன்னாரு. அப்புறம் துண்டால மூஞ்சத் தொடச்சிக்கிட்டு, பந்தியில இருந்த கொளஞ்சியப்பனக் கூப்புட்டாரு.

"இதப் பெருசு பண்ணு. செருப்போட."

கொளஞ்சியப்பன் வாங்கிப் பாத்துட்டுத் தயங்குனாரு. "பொடவைய மட்டும் கொஞ்சம் எறக்கி விட்டுடட்டுமாண்ணே?"

"கை வச்ச, கொன்னுடுவேன்," ன்னாரு மாமா.