அழகான ஹெல்மெட்

கோவையிலிருந்து பாண்டிச்சேரிக்கு பைக்கில் போவதற்காக, பூபதியும் மனைவி சண்முகப்ரியாவும் ஹெல்மெட் வாங்கப் போனார்கள். பூபதி பளபளப்பான ஒன்றை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றான்.

"போட்டுட்டே கொஞ்ச நேரம் உக்காருங்க. நெத்தியில அழுத்துதான்னு தெரியும்" என்றாள் சண்முகப்ரியா.

"ஹெல்மெட் வாங்க உக்கார வேற செய்யோணுமா? அழகா இருக்குதில்ல?"

"பொண்ணு பாக்கவா போறீங்க?"

அவள் ஒவ்வொன்றாக மாட்டி உட்கார்ந்து பார்த்து, எங்கும் அழுத்தாத சாதாரணக் கறுப்பு ஹெல்மெட்டை எடுத்தாள்.

மறுநாள் பெருந்துறை தாண்டுவதற்குள் பூபதி வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றி முழுக்கச் சிவந்திருந்தது.

"அம்மணி, தலை வெடிச்சுரும் போல இருக்குது. மாத்திக்கலாமா?"

சண்முகப்ரியா தன் ஹெல்மெட் பட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"வண்டிக் கண்ணாடியில பாருங்க, அழகாத்தான் இருக்கீங்க. மாட்டிட்டு வண்டிய எடுங்க."