மூன்றாவது தட்டு

கதவுக்காரி ஐஸ் இழுக்கும் கொக்கியின் பிடியால் இரண்டாம் அறைக் கதவைத் தட்டினாள். பதில் முதலில் ஒன்றாம் அறையிலிருந்து வந்தது. டொக், டொக். அளந்து வைத்ததுபோல் இரண்டு. அது மேஸ்திரி. காலையில் செத்துப்போனவர்.

"உங்களைக் கேக்கல. சும்மா கெடங்க," என்றாள்.

அப்புறம் இரண்டாம் அறை. டொக், டொக். அவள் கொக்கியை இறுகப் பிடித்தாள். கொஞ்சம் இழுத்தடித்து, வேண்டுமென்றே, இன்னொரு டொக்.

"நாசமாப் போறவன்," என்று சுவரில் சாய்ந்தாள். நண்டு இன்னும் உயிரோடு இருந்தான்.

அந்த மீன் கிடங்கில் குளிர் அறைகள் இரண்டு. இரண்டிலும் உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல காலம் ஆகிறது. அதை மாற்றுவதைவிட வெளியே ஒரு பொம்பளையை நிறுத்தி வைப்பது மலிவு என்று முதலாளி கணக்குப் போட்டார். அப்படித்தான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. உள்ளே ஆள் போனால் வெளியே தாழ் போட்டுக்கொண்டு நிற்பாள். அவ்வப்போது தட்டுவாள். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டு திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் விறைத்துவிட்டான் என்று அர்த்தம். ஓடிப்போய் இழுத்துப் போடுவார்கள். வேலை முடிந்தவன் விடாமல் தட்டினால் திறந்துவிடுவாள். எல்லோரும் ஒழுங்காக இரண்டு தட்டுவார்கள், நண்டைத் தவிர. பெட்டியைத் தோளில் வைத்தால் பக்கவாட்டில் நடக்கிற அந்தத் தடியன், அவள் கதவில் நிற்கும் நாளில் மட்டும் மூன்று தட்டுவான். "மூணாவது எதுக்குய்யா?" என்று கேட்டால், "அது உனக்குத் தனியா," என்பான். மேஸ்திரி திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

ஊரில் செத்தவர்கள் எழுந்து கடிக்கத் தொடங்கியதும் முதலாளி குடும்பத்தோடு படகேறிவிட்டார், மீன் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு. வாசல் ஷட்டர் பலமானது என்பதால் அவள், நண்டு, மேஸ்திரி மூன்று பேரும் அங்கேயே தங்கினார்கள். உள்ளே வருமுன் மேஸ்திரியை ராத்திரி தெருவில் ஏதோ கடித்திருக்கிறது. சொன்னால் வெளியே தள்ளிவிடுவார்களோ என்று காலுறைக்குள் மறைத்துக்கொண்டார். காலையில் காய்ச்சலோடு ஒன்றாம் அறைக்குள் போனார்.

அவள் தட்டினாள். டொக், டொக் என்று பதில் வந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் போய் வெகுநேரம் ஆகிவிட்டதே என்று கதவைத் திறந்தாள்.

பதினெட்டு வருஷம் அந்தக் கதவைத் தட்டிய கை. ஆள் போன பிறகும் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. இது யாருக்குத் தெரியும்? நண்டு அவள் கொண்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கடி அவள் கழுத்தில் விழுந்திருக்கும். அவன் மணிக்கட்டில் விழுந்தது. பெட்டியால் மேஸ்திரியை உள்ளே தள்ளித் தாழைப் போட்டான். பிறகு தன் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"கடிச்ச கையோட குளிர்ல போய்க் கெடந்தா விஷம் ஏறாதாம். லாரிக்காரன் சொன்னான். காய்ச்சல் அடங்கிட்டா மனுசன்."

"அடங்கலேன்னா?"

"மேஸ்திரி," என்று சொல்லிவிட்டு இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டு இரண்டாம் அறைக்குள் அவனாகவே போனான்.

கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை ஒன்று உண்டு. அவள் மீன் நாற்றமடிக்கும் தரையில் குப்புறப் படுத்து அதில் வாயை வைத்தாள்.

"யோவ் நண்டு. எப்படி இருக்கு?"

"மாமியார் வீட்டு உபசாரம். ஐஸ் மெத்தை, மீன் தலகாணி. கதவுக்காரி, ஒண்ணு கேக்கவா?"

"வேணாம். நீ என்ன கேப்பன்னு தெரியும்."

"தெரிஞ்சா பதில் சொல்லு. எத்தனை தடவை கேட்டுட்டேன்! கட்டிக்கிறியா, மாட்டியா?"

"ஒரு குடிகாரனக் கட்டி அழுதது போதாதா? இப்ப கடிபட்டவனையும் கட்டணுமா?"

"நான் குடிக்க மாட்டேன். கடிப்பேனாங்கிறதுதான் இனிமே தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்து மூக்கில் ஏறியது. ஆம் என்று இப்போதே சொல்லிவிட்டால், போதும் என்று உள்ளே கண்ணை மூடிவிடுவானோ என்று பயந்தாள். "வெளிய வா. மூஞ்சிக்கு நேரா சொல்றேன்," என்றாள்.

"கறார் பேர்வழிடி நீ."

அதுதான் அவன் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. மதியத்துக்கு மேல் ஓட்டையில் வாய் வைத்துக் கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. காய்ச்சல் முதலில் நாக்கைத்தான் பிடிக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். தட்டினாள். மூன்று வந்தது. மறுபடி தட்டினாள். மூன்று வந்தது, ஆனால் மூன்றாவது பூனை சுரண்டுகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் மேஸ்திரி மட்டும் முந்திக்கொண்டு இரண்டு தட்டினார். செத்தும் ஒழுங்கு குறையாத மனுசன்.

வெளியே ஷட்டரில் உடம்புகள் மோதின. மோதிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவே பெட்டி கட்டும் பகுதிப் பெண்களின் நீலச் சட்டைகள் இடுக்கில் தெரிந்தன. நேற்றுவரை அவளோடு வெட்டிக் கதை பேசியவர்கள்.

அப்போது ஜெனரேட்டர் இருமியது. டீசல் கேன்களைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், சொட்டுக்கூட இல்லை. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. இத்தனை நேரம் காதில் இரைந்த சத்தம் போனதும் கிடங்கே பிணம்போல் ஆனது. இனி அறையில் குளிர் குறையும். காய்ச்சல் ஜெயிக்கும்.

தட்டினாள்.

மேஸ்திரி: டொக், டொக்.

நண்டு: டொக், டொக்.

காத்திருந்தாள். காதைக் கதவில் ஒட்டிக்கொண்டு காத்திருந்தாள். கதவின் குளிர் கன்னத்தைப் பிய்த்தது.

மறுபடி தட்டினாள். இரண்டு. ஒழுங்காக, மேஸ்திரி மெச்சும்படி இரண்டு.

"மூணாவது எங்கடா?" என்று கத்தினாள். ஷட்டரில் மோதல் வெறிகொண்டது. அவளுக்குக் கவலையில்லை. தரையில் விழுந்து ஓட்டைக்குள், "கட்டிக்கிறேன்டா. கேக்குதா? கட்டிக்கிறேன். எப்பவோ சொல்லியிருப்பேன், நான் ஒரு பிடிவாதம் பிடிச்ச கழுதை," என்றாள். உள்ளே முனகல்கூட இல்லை.

ஷட்டரின் ஒரு பட்டை நெளிந்து உள்ளே ஒரு கை வந்தது. பின்பக்கம் ஐஸ் தள்ளும் ஜன்னல் இருந்தது. அது வழியே தப்பலாம். கொக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எப்படியோ ஜன்னல் வரை போய் ஒரு காலை வெளியே போட்டாள்.

டொக், டொக்.

இரண்டாம் அறை. அவள் தட்டவில்லை.

யாராவது தட்டினால்தான் மேஸ்திரி பதில் தட்டுவார். காலையிலிருந்து ஒரு தரம்கூட அவராகத் தட்டியதில்லை. உள்ளே இருப்பவன் தானாகத் தட்டுவது என்றால், வெளியே இருப்பவளை அவன் கேட்கிறான். செத்தவன் யாரையும் கேட்க மாட்டான்.

ஓடிவந்து தாழை எடுத்தாள். சாக்குமூட்டை சரிகிற மாதிரி அவள் மேல் விழுந்தான். புருவமெல்லாம் பனி. கொக்கியின் முனையை அவன் கழுத்தில் வைத்துக்கொண்டே நெற்றியைத் தொட்டாள். மீனைத் தொட்டதுபோல் குளிர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை. உயிர் இல்லாவிட்டாலும் காய்ச்சல் இருக்காதே.

"பேசுய்யா. பேசு, இல்லேன்னா குத்திருவேன்."

உதடு பிரிய வெகுநேரம் ஆனது. "மோட்டார்... நின்னுச்சு. நீ... போயிட்டியோன்னு..."

கொக்கி தானாக இறங்கியது. "மூணாவது ஏன்டா தட்டல? பாதி உசிரு போச்சு எனக்கு."

"ரெண்டுக்கு மேல... கை வரல."

பார்த்தாள். கடிபட்ட கை விரல்நுனி வரை கறுத்து விறைத்திருந்தது. அதில் இனி எதுவும் இல்லை. வெட்டியாக வேண்டும்; மீன் வெட்டுகிற கத்தியால், அவள்தான். ஷட்டரில் இரண்டாவது கை நுழைந்தது. அவனைத் தோளில் சாய்த்து ஜன்னல் பக்கம் இழுத்தாள்.

"பதில்?" என்றான் அவள் காதருகில்.

"முதல்ல கை. அப்புறம் கல்யாணம்."

"கை போயிட்டா?"

"இன்னொண்ணு இருக்குல்ல. அதால தட்டு," என்றாள். பின்னால் ஷட்டர் கிழிந்தது.