நான்கின் தலையை மூடியவன்

நான் ஈஸ்வரமூர்த்தி. 1957-இல் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளன். உப்புகளின் காந்தத்தன்மையை அளக்கும் தராசு நானே அமைத்தது. அதன் மின்காந்தத்துக்குக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுத்தது பீளமேட்டு மோட்டார் பட்டறை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

எம்.எஸ்சி. ஆய்வுக்காக மாணவி ராமாமணி அமிலத்தை மாற்றி மாற்றிச் செம்பு உப்புகள் செய்து, அந்தத் தராசில் அளந்தாள். சல்பேட்டுக்கு, செம்புக்கு வழக்கமான காந்த அளவான 1.9 ஒழுங்காக வந்தது. அசிடேட்டுக்கு மட்டும் 1.4. ஐந்து முறை அளந்தும் அதேதான்.

"உப்புல ஈரம் இருக்குமாட்ட இருக்குதுங்க அம்மணி," என்றேன்.

"நல்லாக் காயவெச்சுப்போட்டுத்தானுங்க எடை போட்டேன். இந்த அசிடேட்தான் செம்பை என்னமோ பண்ணுதுங்க."

பட்டறைக் காந்தம் வேறு எப்படி அளக்கும் என்று பேராசிரியர்கள் சிரிப்பார்களே என்றுதான் எனக்குப் பயம். அவளுடைய கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சரிடம் கொண்டுபோனவன் நான். போகும் வழியில் என் பச்சை மைப் பேனாவால் 4-இன் தலையை மூடி 9 ஆக்கினேன். 'காரணம் விளங்கவில்லை' என்ற வரியையும் கோடு போட்டு அடித்தேன். அவளுக்கு உதவி செய்வதாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். என்னை நம்பி, தட்டச்சாகி வந்த பிரதியில் பக்கம் புரட்டாமல் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வுக்கூடத்திலேயே நடந்த வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் அந்த எண்ணில் விரலை வைத்தார். "அசிடேட்டில் செம்பு தனித்தனியாக நிற்பதில்லை அம்மா. நான்கு அசிடேட்டுகள் சுற்றிப் பிடித்து, இரண்டு செம்பை நெருக்கி வைக்கின்றன. ஒன்றின் காந்தத்தை மற்றது குறைத்துவிடும். 1.4-தான் வரும். நீங்கள் அளக்கவே இல்லையா?"

"நான் அளந்தது ஒண்ணு புள்ளி நாலுங்க."

"இது உங்கள் கையெழுத்துதானே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொய்யாக எண் எழுதியவள் என்ற பெயரோடு, பட்டமில்லாமல் தாராபுரம் போனாள்.

ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. பஸ் ஏறி அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அந்த எண்ணை மாத்தினது நானுங்க."

"தெரியுமுங்க. அன்னைக்கே தட்டச்சர்கிட்டப் போய் நான் எழுதிக் குடுத்த பிரதியை வாங்கிப் பாத்தனுங்க. அந்த ஒம்போதுல உங்க பச்சை மை."

"அப்பவே ஏனுங்க சொல்லலே?"

"நான் சொன்னா உங்க வேலை போயிருமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தனுங்க. மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மனுப் போட நேத்தோட நாள் முடிஞ்சுதுங்க."

உள்ளே வரச் சொன்னாள். என்னால் செருப்பைக் கழற்ற முடியவில்லை.