ஃப்ரேசியர் கட்சிக்காரிக்கு ஒரு மாப்பிள்ளை

உலகத்திலேயே பெரிய ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன் முகமது அலிதான். இதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் என் நாத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள். "அலி பேசியே பேர் வாங்கின ஆளு அண்ணி. ஜோ ஃப்ரேசியர் அடிச்சுப் பேர் வாங்கினவரு" என்பாள். தலைகீழாக நின்றாலும் அந்த மண்டையில் ஏறாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒன்பது வருடமாக இதே கூத்துதான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம். உலர்ந்து சூட்டோடு வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடிப்பது எங்கள் வேலை. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியால் ஒழுங்காக மடிக்க முடியாது. அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. உதறி, இழுத்துப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. அதனால் எங்கள் சண்டை முழுக்கக் கிட்டே வரும்போதுதான் நடக்கும். ஒருமுறை நெருங்கும்போது நான் ஒன்று சொல்வேன், அடுத்த முறை நெருங்கும்போது அவள் பதில் சொல்வாள். நடுவில் யோசித்துக்கொள்ளலாம்.

"ஃப்ரேசியரை ஃபோர்மன்னு ஒருத்தன் ஒரே சண்டையில ஆறு தடவை கீழ தள்ளினான். அந்த ஃபோர்மனையே அலி படுக்க வச்சான். நீயே கணக்குப் போட்டுக்கோ."

விரிப்பு பாதியாகும். திரும்பி வருவாள்.

"ஆறு தடவை விழுந்தாரு. ஆறு தடவையும் எந்திரிச்சாரா இல்லையா?"

"கல்லுளிமங்கி" என்று திட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பேன்.

எனக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. அது என் வீட்டுக்காரருக்கும் அவர் தங்கைக்கும் பிடித்திருந்த பைத்தியம். அவர் இதே ஹோட்டலில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். விடுமுறை நாள் வந்தால் போதும், பழைய சண்டைகளின் கேசட்டைப் போட்டுக்கொண்டு அண்ணனும் தங்கையும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் அலி கட்சி, அவள் ஃப்ரேசியர் கட்சி. "ரெண்டு தடியனுங்க அடிச்சுக்கிறதை உக்காந்து பாக்குறீங்களே, வேற வேலை இல்லையா?" என்று நான் சமையலறையிலிருந்து கத்துவேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எனக்குக் குழந்தை குட்டி கிடையாது, அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். நானாவது அழுதேன், திட்டினேன், கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்தேன். அவள் வாயே திறக்கவில்லை. வேலைக்கு வருவாள், விரிப்பைப் பிடிப்பாள், கிட்டே வருவாள், போவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. இவளும் போய்விடுவாளோ என்று பயந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், அவர் கத்தக் கத்தக் கேட்டு மனதில் பதிந்திருந்த ஒன்றை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"அவங்க ரெண்டு பேரும் மோதின மூணு சண்டையில ரெண்டு அலிதான் ஜெயிச்சான். உன் ஆளு ஒண்ணே ஒண்ணு."

அவள் பின்னால் போனாள். திரும்பி வரும்போது உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"அந்த ஒண்ணுலதான் அலி மல்லாக்க விழுந்தாரு" என்றாள்.

அவர் போன பிறகு அவள் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான். அன்றைக்கு முதல் நான் அலி கட்சி. அவருடைய கட்சியை யாராவது பேச வேண்டுமே! அந்த கேசட்டுகளை நானே உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் பார்க்க ஆரம்பித்தேன், போகப் போக எனக்கே பிடித்துப்போனது. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு என்ன லாகவம் அந்த மனுஷனுக்கு! இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரரை நினைத்து ஏங்கிப்போவேன்.

எங்கள் சண்டைக்குள் மூன்றாவதாக மூக்கை நுழைத்தவர் பாய்லர்காரர். எங்கள் கூடத்துக்கு நீராவி அனுப்புகிற பாய்லர் அவர் பொறுப்பு. ஐம்பதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒருநாள் டீ குடிக்கிற நேரத்தில் டம்ளரும் கையுமாக எங்கள் மேசைக்கு வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் சொல்றது சரியில்ல. ஜோ லூயிஸ்தான் பெரியவரு."

"யாரு, உங்க தாத்தா காலத்து ஆளா?" என்றேன்.

"கிட்டத்தட்ட பன்னெண்டு வருஷம் பட்டத்தை யாருக்கும் விடல அக்கா. இருபத்தஞ்சு பேர் வந்து மோதிப் பாத்தாச்சு. உங்க ஆளுங்கள்ல யாராவது அப்படி வச்சிருந்தாங்களா?"

அன்றைக்கு அலி கட்சியும் ஃப்ரேசியர் கட்சியும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து அந்த மனுஷனை வறுத்தெடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். வந்து என் பக்கம் நிற்காமல் அவள் பக்கமாகவே போய் நிற்பார். இவளும் டீ நேரம் நெருங்கினால் தலைமுடியை ஒதுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் என்ன குருடியா?

போன மாதம் அவர் என்னைத் தனியாகப் பிடித்தார். வேறு ஊரில் திறக்கிற புது ஹோட்டலுக்கு அவரை மாற்றியிருக்கிறார்களாம். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டுமாம்.

"அக்கா, அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. அவங்களுக்கும் இஷ்டம் இருந்தா..." என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. கூடவே நெஞ்சில் யாரோ குத்திய மாதிரியும் இருந்தது. இரண்டும் உண்மை.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஜோ லூயிஸ்னு சொல்ற மனுஷனோட எப்படி அண்ணி குடும்பம் நடத்துறது? வேணாம்னு சொல்லிடுங்க."

சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. காரணம் ஜோ லூயிஸ் இல்லை, நான். இந்த வீட்டில் என்னை ஒண்டியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். இரண்டு வாரம் கெஞ்சினேன், மிரட்டினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இவளை இங்கே கட்டிப் போட்டிருப்பதே இந்தச் சண்டைதான். தினமும் என்னோடு மல்லுக்கு நிற்பதால்தான் அண்ணிக்கு நாம் வேண்டும் என்று நினைக்கிறாள். சண்டையை முடித்துவிட்டால்? அவள்தான் ஜெயித்தாள் என்று சொல்லிவிட்டால்? நிம்மதியாகப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு பெரிய மக்கு நான்!

மறுநாள் காலை முதல் விரிப்பை உதறிக்கொண்டு கிட்டே வந்தபோது சொன்னேன்.

"சரிடி. நீ சொல்றதுதான் சரி. ஃப்ரேசியர்தான் பெரியவன்."

அவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள். வெளுத்த விரிப்பு, தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும்.

"அண்ணி! என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? இடது கை மரத்துப்போகுதா?"

"ஒண்ணும் பண்ணலடி, நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் இப்படிப் பேசுறீங்க?"

அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஹோட்டல் நர்ஸின் அறையில் படுக்க வைத்தாள். நர்ஸ் சின்னப் பெண். என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கே. இவங்களுக்கு என்ன தொந்தரவு?"

"ஃப்ரேசியர்தான் பெரியவர்னு சொல்றாங்க சிஸ்டர்" என்றாள் இவள், அழாத குறையாக.

நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஃப்ரேசியர் யாரு? உங்க டாக்டரா?"

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு பாய்லர்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றார். இவள் திரும்பி அவரிடம், "நீங்க ஊருக்குக் கிளம்புங்க. அண்ணியை இந்த நிலைமையில விட்டுட்டு நான் எங்கயும் வர முடியாது" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்த மனுஷன் முகம் செத்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

நர்ஸ் வெளியே போனதும் எழுந்து உட்கார்ந்து கத்தினேன். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"அண்ணனும் இப்படித்தான் சொன்னான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கப் போனீங்க. அப்ப என் கையைப் பிடிச்சுட்டு, 'சரி பாப்பா, உன் ஆளே பெரியவன்னு வச்சுக்கோ'ன்னான். அவன் என்னைக்காவது விட்டுக்கொடுத்திருக்கானா அண்ணி? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. விடியறதுக்குள்ள போயிட்டான்." அவள் பொங்கி அழுதாள். "நீங்க விட்டுக்கொடுக்காதீங்க. ஆயுசுக்கும் அலின்னே சொல்லிட்டு இருங்க."

இத்தனை வருடமாக இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் அவர் கட்சியைப் பேசப் பேச, நான் உயிரோடு இருப்பேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். என் வீட்டுக்காரர்மேல் கோபமும் வந்தது. என்னிடம் ஒருநாளும் ஒரு தோசைக் கரண்டி அளவுக்குக்கூட விட்டுக்கொடுக்காதவர், இவளிடம் போய் விட்டுக்கொடுத்திருக்கிறாரே!

அழுது முடித்துவிட்டு அவள் முகத்தை நிமிர்த்தினேன்.

"நல்லாக் கேட்டுக்கோ. அலிதான் பெரியவன். இன்னைக்கும் அவன்தான், நாளைக்கும் அவன்தான். நான் சொன்னது பொய். நீ நிம்மதியாப் போகணும்னு சொன்ன பொய். எனக்கு ஒரு நோயும் இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா. உன் ஆளு அலிகூடப் போட்ட மூணாவது சண்டை ஞாபகம் இருக்கா? கண்ணு வீங்கிப்போய் எதிர்ல வர்ற குத்தே தெரியல. அப்பவும் கடைசி ரவுண்டுக்குப் போறேன்னு எந்திரிக்கிறான். அவனோட கோச், போதும் உக்காருன்னு சண்டையை நிறுத்திட்டாரு."

"நிறுத்தியிருக்கக் கூடாது."

"நிறுத்தினாரு. ஏன்னா அவருக்குப் பட்டம் முக்கியமில்ல, அந்தப் பிள்ளை முக்கியம். எனக்கு நீ முக்கியம்டி. என்னைத் தூக்கி நிறுத்துறேன்னு ஒன்பது வருஷம் நின்னுட்ட. போதும், நான் நிறுத்துறேன்."

"தனியா என்ன பண்ணுவீங்க?"

"அழுவேன். சட்டி பானையை உடைப்பேன். பயமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா நீ குழாயைத் திறந்துவிட்டு அழுறதைக் கதவுக்கு வெளிய நின்னு கேக்குறதுக்கு அது எவ்வளவோ மேல். சாயங்காலம் சாயங்காலம் போன் பண்ணு, உன் ஆளைக் கிழி கிழின்னு கிழிக்கிறேன்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரேன் அண்ணி" என்று பாய்லர் அறைப் பக்கம் போனாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என்ன கேட்கப் போகிறாள், அந்த வெகுளி மனுஷன் என்ன உளறப் போகிறார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"என்னடி கேட்ட?"

"'ஃப்ரேசியர்தான் பெரியவர்னு எனக்காக ஒரே ஒரு தடவை சொல்லுங்க, உங்களைக் கட்டிக்கிறேன்'னு சொன்னேன்."

அவர் விட்டுக்கொடுத்தால் இவள் பயந்துவிடுவாளே! கல்யாணம் நடக்கட்டும் என்று எந்த ஆம்பிளையும் சொல்லிவிட்டுப் போவானே! "சொல்லிட்டாரா?"

"பாய்லரையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் 'என்னை மன்னிச்சிடுங்க, ஜோ லூயிஸ்தான்'னாரு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"விட்டுக்கொடுக்கவே இல்ல அண்ணி. இவர் இருப்பாரு, கட்டிக்கிறேன்."

நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.