தரையில் நின்ற ஐந்தாமவர்

பேராசிரியை இராசமணி பதுளையில் தங்கியிருந்த தொண்ணூற்றாறு மணி நேரமும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திலேயே இருந்தார். அது 1996ஆம் ஆண்டு, ஆவணி மாதம். ஹாலிஎல வீதியில் இருந்த மலைநிலப் பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளின் தரத்தை வெளியாட்களைக் கொண்டு மதிப்பிட முதன்முறையாக ஒரு நிபுணர் குழு அமைத்தபோது, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கியவர் அவர். நியமனத்துக்கு முன் பதிவாளர் ஸஹாப்தீனின் அறையில் எழுந்து நின்று, "இங்கே மதிப்பிடப்படும் எதனோடும் எவரோடும் எனக்கு உறவில்லை, நட்பில்லை, பகையில்லை" என்று உறுதிமொழி சொன்னார். சொல்லி முடித்தபோது அவருடைய செருப்புகள் மட்டும் தரையில் இருந்தன. பதிவாளர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் உயர்த்திக் கொடுத்தார். இராசமணி அந்த நிலையிலேயே நான்கு நாளும் ஆய்வுகளைப் படித்துப் புள்ளி போட்டார். திரும்பிப் போகும்போது ரயில் தெமோதரைச் சுரங்கத்தைத் தாண்டிய பிறகே இருக்கையில் மெல்ல வந்து உட்கார்ந்தார் என்று டிக்கெட் பரிசோதகர் பின்னர் சொன்னார்.

ஸஹாப்தீன் இதில் அதிசயப்பட நேரம் செலவழிக்கவில்லை. எந்த நிபுணர் யாருக்குச் சொந்தம், யாருக்கு யார் பாடம் சொன்னவர், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றெல்லாம் ஊர் ஊராக விசாரித்துக் களைத்தவர் அவர். இனி அந்தத் தொல்லை இல்லை என்று கண்டார். உறுதிமொழி சொல்லி எழும்புகிறவர் குழுவில் சேருவார், எழும்பாதவர் தேநீர் குடித்துவிட்டுப் போவார். இரண்டு மூன்று வருடத்தில் அது அலுவலக நடைமுறையாகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் விடுதி வைத்திருந்த புஹாரியும் பழகிக்கொண்டார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறது என்றால் அவர் முதலில் செய்வது அறையில் மின்விசிறியின் இணைப்பைக் கழற்றுவதுதான்.

நிவேதிகா 2001இல் அங்கே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தாள். தாவரவியல் பட்டதாரி. மடுல்சீமைப் பக்கம் கருங்கல்மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். கூட்டத்தில் பேசச் சொன்னால் குரல் வெளியே வராது. ஆனால் தொலைபேசியில் முகம் தெரியாது என்பதால் நிபுணர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை அவளுக்கு வந்தது. அது நினைத்ததைவிடக் கடினமான வேலை. தமிழிலும் சிங்களத்திலும் படித்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மேசையில் சேர்ந்து சாப்பிட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பேராசிரியர் கேட்டார்: "எல்லாரும் ஏதோ ஒரு வழியில சொந்தம்தான் பிள்ளை. தூரத்துச் சொந்தம் எண்டா எவ்வளவு தூரம் எண்டு உங்கட விதியில இருக்கோ?" வெலிமடையில் உருளைக்கிழங்கு நோய்களை ஆராய்ந்த ஒருவர் மூன்று அங்குலம் எழும்பினார். பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர் மர்லியாவின் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டது நினைவுக்கு வந்து தொப்பென்று இறங்கினார். இன்னொருவர் எவரையும் அறியாதவர்தான், ஆனால் பழைய கோபம் ஒன்று வைத்திருந்தார். பகையும் பாரம்தான் என்று அன்று அலுவலகம் தெரிந்துகொண்டது.

மர்லியா சரிவுநிலப் பிரிவின் இரண்டு ஆய்வாளர்களில் ஒருவர், மற்றவர் கிஷாந்தன். இந்த இருவரும் பத்து வருடமாகக் கருங்கல்மலையில் ஒரு வெடிப்பை அளந்து வந்தார்கள். மேற்பிரிவு லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் அந்த வெடிப்பு ஓடியது. இரும்பு முளைகள் அடித்து, ஒவ்வொரு மழைக்கும் பிறகு போய்ப் பார்த்தார்கள். 1957ஆம் வருடத்து மழையில் அதே சரிவின் ஒரு பகுதி இறங்கிப் பழைய லயமொன்றை மூடியிருந்தது. அதில் புதைந்து போனவர்களைத் தோண்டி எடுக்கவில்லை. மேலே மானாப்புல் வளர்ந்துவிட்டது. அந்த இடத்தின் மண்ணையும் வெடிப்பின் அசைவையும் ஒப்பிட்டு, மலை மறுபடியும் இறங்கப்போகிறது, லயத்தை இடம் மாற்ற வேண்டும் என்று 2003இல் எழுதினார்கள். தோட்ட நிர்வாகம் மறுக்கவில்லை. ஐந்து நிபுணர்கள் இந்த ஆய்வு தரமானது என்று கையெழுத்திட்டால் மாற்றுகிறோம், நான்கு பேர் போதாது என்றது. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும்.

நிவேதிகாவின் அம்மா ராசம்மா அந்த லயத்தின் மூன்றாவது வீட்டில், ஓர் அறை மட்டுமே உள்ள காம்பராவில் இருந்தார். இதை நிவேதிகா பதிவாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க புள்ளி போடுற ஆளில்லையே மகள், டெலிபோன்ல கோல் எடுக்கிற ஆள்தானே. எடுங்க" என்றார்.

அவள் ஆடி மாதம் முழுக்கத் தொலைபேசியில் இருந்தாள். இராசமணி மறுபடியும் வரச் சம்மதித்தார். போர்நிறுத்தத்தில் வடக்குப் பாதை திறந்திருந்த காலமாதலால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும், மட்டக்களப்பிலிருந்து ஒருவரும், மாத்தறையிலிருந்து ஒருவரும் வந்தார்கள். நால்வரும் பதிவாளரின் அறையில் அடுத்தடுத்து எழும்பினார்கள். மாத்தறைக்காரர் வேகமாக எழும்பி உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். ஐந்தாமவர்தான் கிடைக்கவில்லை. சனி மாலை வீட்டுக்குப் போனால் ராசம்மா கொழுந்துக்கூடையை இறக்கி வைக்கும்போதே கேட்பார்.

"ஏம்மா நிவே, அஞ்சாவது ஆளு ஆப்டாரா?"

"இல்லம்மா."

"நாட்டுல அத்தன படிச்சவங்க இருக்காங்க, ஒருத்தருக்குக்கூட காலு கெளம்ப மாட்டேங்குதா? வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வா, காலையில ஆறு மணிக்குக் கங்காணி சத்தம் போட்டா நாங்க எல்லாருமே கெளம்புறோம்."

கடைசியில் பெயர் ஒன்று மிஞ்சியது. மண்சரிவு பற்றி நாட்டில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை என்று எல்லோரும் சொன்ன பேராசிரியர் சிதம்பரநாதன், ஓய்வுபெற்றுக் கண்டியில் இருந்தார். இருபது வருடம் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். மனைவியும் அந்த ஊர், பேச்சும் அந்த ஊர். உலகத்தில் எங்கெங்கோ மலைகளைப் போய்ப் பார்த்தவர், பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் மட்டும் ஆய்வுக்கென்று ஒருமுறையும் வந்ததில்லை. நிவேதிகா மூன்று தடவை அழைத்தபோதும் உடம்பு சரியில்லை என்றார். நான்காவது தடவை அவள் தோட்டத்தின் பெயரையும், லயத்தில் எத்தனை குடும்பம் என்பதையும் சொன்னாள். தோட்டத்தின் பெயரை மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு, "சரி பிள்ளை, வாறன்" என்றார்.

புரட்டாசி மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து, மெல்லிய ஆள். "கிஷாந்தன் எண்டவரை நான் கண்ணால கண்டதில்லை. மர்லியா ஆரெண்டும் தெரியாது. நீங்கள் எழுதலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று உறுதிமொழியைச் சொன்னார். கால்கள் எழும்பவில்லை. அதற்குப் பதிலாக இடது சப்பாத்தின் கீழே சிமெந்துத் தரை விரிசல் விட்டது.

"எங்கயோ ஒரு கட்டு ஈக்கிது போல சேர்," என்றார் ஸஹாப்தீன். "இரவைக்கு யோசிச்சுப் பாருங்க."

"ஒரு கட்டும் இல்லை," என்றார் சிதம்பரநாதன்.

மறுநாள் காலை மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை சப்பாத்தின் அடிப்பாகம் சிமெந்துக்குள் போயிற்று. நிவேதிகா குனிந்து லேஸை அவிழ்த்து அவரை வெளியே எடுத்தாள். அதே நேரத்தில் புஹாரி விடுதியிலிருந்து அழைத்தார். "மகள், மத்த நாலு பேருக்கும் கட்டிலே தேவப்படல்ல, மெத்த புதுசா கெடக்குது. ஒங்கட புது சேருக்கு கட்டில் ஒடஞ்சு போச்சு. ஆளப் பாத்தா ஈர்க்குச்சி மாதிரி ஈக்கிறாரு, என்னத்த தின்னுறாரு?"

இருந்தும் கள ஆய்வு நாளைத் தள்ளிப்போட முடியவில்லை. பசறை வீதியில் காற்று பலமாக இருக்கும் என்று புஹாரி நான்கு படுக்கை விரிப்புகளைக் கிழித்துக் கொடுத்தார். நால்வரையும் வான் வண்டியின் இருக்கைகளோடு சேர்த்துக் கட்டினார்கள். "முடிச்ச கொஞ்சம் தளர்த்துங்கோ, நான் ஓடிப்போற ஆளில்ல" என்றார் இராசமணி. சிதம்பரநாதன் பின் இருக்கையில் தனியாக இருந்தார். அவர் பக்கத்துச் சக்கரங்கள் ஏற்றத்தில் அமுங்கிக்கொண்டே வந்தன. மடுல்சீமை தாண்டியதும் அவர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

கருங்கல்மலையில் லயத்துச் சனங்கள் எல்லோரும் பாதையோரம் வந்து நின்றார்கள். படுக்கை விரிப்பின் நுனியை ஆளுக்கொருவர் பிடித்துக்கொள்ள, நிபுணர்கள் நால்வரும் தேயிலைச் செடிகளுக்கு மேலாகச் சென்றார்கள். "சாமி ஊர்வலம் மாதிரியே இருக்கு, மேளந்தான் கொறையுது" என்று ராசம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. நால்வரும் வெடிப்பை மேலிருந்து பார்த்தார்கள், முளைகளை எண்ணினார்கள், கிஷாந்தனிடமும் மர்லியாவிடமும் தனித்தனியாகக் கேள்வி கேட்டார்கள். மதியத்துக்குள் நால்வருக்கும் ஒரே எண்ணம்தான். அளவுகள் சரி, முடிவும் சரி. கையெழுத்திட்டார்கள். ஐந்தாவது இடம் காலியாக இருந்தது.

சிதம்பரநாதன் வண்டியை விட்டு இறங்கவில்லை. முழங்கால் நோகிறது என்றார். நிவேதிகா போய்க் கதவருகே நின்றாள். "சேர், அந்த மூணாவது காம்பராவுலதான் எங்கம்மா இருக்காங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு இறங்கினார். வழி கேட்காமல், யாருடைய கையையும் பிடிக்காமல், சரிவில் குறுக்காக நடந்து மானாப்புல் வளர்ந்த இடத்தில் போய் நின்றார். பதிவாளர் மூச்சு வாங்கப் பின்னால் போனார். மூன்றாவது முறையாக உறுதிமொழி சொல்லப்பட்டது.

"இங்கே மதிப்பிடப்படும் எதனோடும் எவரோடும் எனக்கு உறவில்லை" என்றபோது கணுக்கால் வரை மண்ணுக்குள் போனார். "நட்பில்லை" என்றபோது முழங்கால் வரை. "பகையில்லை" என்பதைச் சொல்லாமல் நிறுத்தினார். லயத்து ஆண்கள் நாலைந்து பேர் பிடித்து இழுத்தும் அவர் அசையவில்லை. இளைத்த மனிதர்தான், ஆனால் ஒரு லயத்தைத் தூக்குவது போல இருந்தது என்று அவர்கள் பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை ஊரறிந்தவை. அறிக்கை ஐந்து கையெழுத்துகளோடு ஐப்பசி பிறக்கும் முன் நிர்வாகத்துக்குப் போனது. கார்த்திகையில் மேற்பிரிவு லயத்தைக் காலி செய்து லுணுகலைப் பாதையோரம் புது இடம் கொடுத்தார்கள். மார்கழியில் ஒரு விடிகாலை மலை இறங்கியபோது அங்கே ஒரு கோழிகூட இல்லை. அடுத்த வருடம் முதல் மலைநிலப் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு குழுவிலும் நான்கு பேர் மேலேயும் ஒருவர் கீழேயும் இருந்தார்கள். கீழே இருப்பவர் ஏன் கீழே இருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். புஹாரி அப்படிப்பட்டவர்களுக்கென்று தேக்கில் ஒரு கட்டில் செய்து வைத்தார். நிவேதிகாவின் வேலை 2005இல் நிரந்தரமானது.

ஆனால் அன்று மதியம் அந்தச் சரிவில் நின்ற எவருக்கும் இது தெரியாது. மூடுபனி கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஸஹாப்தீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் ஐந்தாமவர் இல்லை, திரும்பலாம் என்றார். படுக்கை விரிப்புகளைப் பிடித்திருந்தவர்கள் நால்வரையும் வண்டியை நோக்கித் திருப்பத் தொடங்கினார்கள்.

"விதியில இன்னொரு வரி இருக்கு சேர்," என்றாள் நிவேதிகா. அவள் குரல் வெளியே வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஏழு வருடமாக யாரும் கேட்காத வரி அது. ஆட்கள் எழும்பத் தொடங்கியபின் உறுதிமொழியின் முதல் பாதியோடு அலுவலகம் நிறுத்திக்கொண்டிருந்தது. "உறவு இல்லேன்னா இல்லேன்னு சொல்லணும். இருந்தா, என்ன உறவுன்னு எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லணும். சொல்லிட்டா அவரும் குழுவுல இருக்கலாம். பறக்கணும்னு எங்கயும் போடல."

ஸஹாப்தீன் யோசித்தார். "ஓ," என்றார். "அப்பிடி ஒண்டு ஈக்கிதுதான்."

மேலே நின்ற இராசமணி காற்றில் திரும்பி, விரிப்பின் நுனியைப் பிடித்திருந்தவரிடம் தன்னைக் கொஞ்சம் கீழே இழுக்கச் சொன்னார். நிவேதிகா புல்லில் கால் வைத்து நடந்து, முழங்கால் வரை மண்ணில் நின்றவரின் முன்னால் போய் மண்டியிட்டாள். இப்போது இருவர் முகங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"இங்க யாரு சேர் இருக்காங்க?"

சிதம்பரநாதன் சப்பாத்துகள் மறைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தபோது யாழ்ப்பாணப் பேச்சு அதில் இல்லை.

"எங்கம்மா இருக்கு," என்றார். "தங்கச்சிங்க ரெண்டு பேரும் இருக்காங்க. அன்னைக்கு நான் மட்டும் லுணுகலப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நான் இந்த லயத்துல பொறந்தவம்மா."