பலகையை விடாதவள்

1

இந்தக் கதை பிறந்தது கலவைச் சட்டிக்கு அடியில். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கட்டடத்தில் நான் சித்தாள். மூன்றாம் மாடிக்குச் சுமந்து ஏறும்போது, என் மகள் சரண்யாதேவி கண்மாய்த் தண்ணீரில் செய்ததை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதப் பழகியே சில வருசம்தான் ஆகிறது. வாக்கியம் பாதியில் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், உடம்பு அசந்திருக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று திருவாதவூர்க் கண்மாய் கடல்போல"

விட்டுவிட்டேன். நான் கடலைப் பார்த்ததில்லை.

2

சரண்யாவும் அவள் கல்லூரித் தோழி காவ்யஸ்ரீயும் சேர்ந்து பழைய பாய்ப்பலகை ஒன்று வாங்கினார்கள். பலகைமேல் நின்று, அதில் நட்ட பாயைப் பிடித்துக் காற்றில் போக வேண்டும். (படுக்கிற பாய் அல்ல, கப்பல் பாய். எங்கள் தெருவுக்கே இதை விளக்கியவள் நான்.) பலகையையும் பாய்மரத்தையும் சேர்ப்பது சின்ன ரப்பர் மூட்டு ஒன்று. அதை வளைத்துப் பார்க்காமல் இறங்க மாட்டார்கள். அன்றும் பார்த்தார்கள். வெடிப்பு உள்ளுக்குள் இருந்திருக்கிறது.

மார்கழி வாடைக்காற்று. நடுக்கண்மாயில் மூட்டு அறுந்தது. பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், இடையில் மிதவைச் சட்டையோடு என் மகள்.

"அவள் அழுதுகொண்டே"

[இந்த வரியைக் கோடு போட்டு அடித்தவள் மகள். "நான் எங்கம்மா அழுதேன்? வாயில தண்ணி, துப்பிக்கிட்டு இருந்தேன்."]

பாயைப் போகவிட்டாள். பலகையை எட்டிப் பிடித்து ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தாள்.

கரையில் நின்ற என் கொழுந்தன் மலைச்சாமி பூரித்துப்போனார். "அங்க பாருங்க மதினி, பிள்ள டாட்டா காட்டுது!" தானும் இரண்டு கையால் காட்டினார். ஆடு மேய்த்தவர்களும் காட்டினார்கள்.

"ஐயோ சித்தப்பா, அது டாட்டா இல்ல, ஆபத்து!" என்று கத்திக்கொண்டே காவ்யஸ்ரீ, மீன் குத்தகைக்காரர் பேயாண்டியைத் தேடி ஓடினாள்.

3

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம்: அந்த அம்மா. அதாவது நான். எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே நீச்சலும் பழகிவிடும். அதனால் தண்ணீரில் யாருக்கு என்ன ஆனாலும் கரையிலிருந்து ஒரே சத்தம்தான் போடுவோம்.

"பலகைய விட்டுட்டு நீந்தி வாடி! கரை இந்தா இருக்கு!"

தலையை ஆட்டினாள். மாட்டாளாம்.

"அடியே, பெத்தவ சொல்றேன்!"

மறுபடியும் அதே ஆட்டம். ஊரே சேர்ந்து கத்தியது. காற்று அவளைத் தள்ளிக்கொண்டே போனது. அவள் பலகையில் குப்புறப் படுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

4

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். மகள் அம்மா சொல்லைக் கேட்டாள். குதித்தாள். குளிர்ந்த தண்ணீரில், எதிர்க்காற்றில், மூழ்கிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கு மேலே

இதற்கு மேல் கை ஓடவில்லை.

நடந்தது இது. பேயாண்டி லாரி டியூப்பில் போய்ப் பலகையோடு கயிற்றைக் கட்டி இழுத்து வந்தார். "அந்த முள்ளுக்குள்ள நானே நீந்த மாட்டேன் தாயி" என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பினார். "தங்கப்பொண்ணு, அலங்காநல்லூர் மைக்செட்டு தோத்துச்சு ஒன் தொண்டகிட்ட. அம்புட்டுக்கும் இந்தப் பிள்ள அசையலயே!"

"பலகைய விட்டா தண்ணிக்குள்ள வெறுந்தலதான் தெரியும்" என்றாள் சரண்யா, குளிரில் பல் தந்தியடிக்க. "பலகையோட இருந்தா தேடி வாரவுக கண்ணுல படும்."

"நான் கத்துனதுல கோவமா?"

"இல்லம்மா. கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சுச்சு."

மேஸ்திரி ஏறு என்றால் ஏறுவேன், இறங்கு என்றால் இறங்குவேன். ஊரே கத்தினாலும் தனக்குச் சரியென்று பட்டதைப் பிடித்துக்கொண்டு கிடக்க நான் பழகியதில்லை. அவள் எனக்குப் பிறந்தவள். இந்த வரியை மட்டும் ஆசைக்காக இன்னொரு தரம் எழுதிக்கொள்கிறேன். அவள் எனக்குப் பிறந்தவள்.

5

அடுத்து மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் பாய்ப்பலகைப் போட்டி. கடல். எதிர்க்கரை இல்லாத தண்ணீர். புது மூட்டு வாங்கி, அது அறுந்தாலும் பாய் போகாமலிருக்க ஒரு வாரும் கட்டியிருக்கிறாள். விடிந்தால் பஸ்.

"அம்மா, போகவா?" என்று இப்போதுதான் கேட்டாள். எழுத்தில் மூழ்கியதுபோல் குனிந்திருக்கிறேன்.

பதிலை நான் எழுதப்போவதில்லை, உங்களிடம் விடுகிறேன். 'போ' என்பவர்கள் வாய் நிறையச் சொல்லுங்கள். 'வேண்டாம்' என்பவர்களும் தாராளமாகச் சொல்லிப் பாருங்கள். ஊரைக் கூட்டிக் கத்தியே தோற்றவள் நான்.